பிளஸ் டூவிலிருந்து கல்லூரி வாசல் வரை: சென்னைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழு வழிகாட்டி

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகளுக்கு இன்ஜினீயரிங் கவுன்சிலிங் முடிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் எங்கள் குரோம்பேட்டைத் தெருவில் யாராவது ஒருவர் மார்க் பிரிண்ட் அவுட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, "சார், 178 கட் ஆஃப், எங்க கிடைக்கும்?" என்று கேட்கிறார். நான் கல்வி ஆலோசகரெல்லாம் கிடையாது, ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன். ஆனால் அந்த ஒரு சீசனில் இரண்டு மூன்று இடத்தில் கையைச் சுட்டுக்கொண்டேன், அதனால் மற்றவர்களுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எங்கே கிடைக்கும் என்பதை மார்க் பாதி முடிவு செய்கிறது என்றால், மீதியை நீங்கள் கொடுக்கும் சாய்ஸ் லிஸ்ட்டின், அதாவது விருப்பக் கல்லூரிப் பட்டியலின் வரிசை முடிவு செய்கிறது. அந்த வரிசையைப் பற்றித்தான் இதில் அதிகம் எழுதியிருக்கிறேன்.

1. ரிசல்ட்டுக்கு முன்னாலேயே தொடங்கிவிடும் வேலை

நிறையப் பேர் மே மாதம் மார்க் வந்த பிறகுதான் கல்லூரியைப் பற்றி யோசிக்கவே ஆரம்பிக்கிறார்கள். தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்கு அது போதும், மற்ற கதவுகளில் பாதி அதற்குள் மூடியிருக்கும். என்ஐடி போன்ற மத்திய அரசு இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்கான (ஐஐடிக்கு முதல் படியான) ஜேஇஇ மெயின் தேர்வு ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு முறை நடக்கிறது, ஜனவரித் தேர்வுக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசியிலேயே வந்துவிடும். திருச்சி என்ஐடியில் பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கே என்று இருக்கும்போது, "ஐஐடி நமக்கெல்லாம் எங்கே" என்று மெயினைக்கூட எழுதாமல் விடுவது எனக்குப் புரியவே இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் க்யூட் தேர்வு. ஆர்க்கிடெக்சர் என்றால் நாட்டா. கணக்கில் நிஜமாகவே வெறி உள்ள பிள்ளை என்றால் சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்துக்குத் தனி நுழைவுத்தேர்வு இருக்கிறது. இதே சென்னையில் இருந்துகொண்டு அதன் பெயரையே கேள்விப்படாதவர்கள் எத்தனையோ பேர்.

ஆக, பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு தேர்வு: விண்ணப்பக் கடைசி நாள், கட்டணம், தேர்வு நாள், லாகின் ஐடி. செல்போனில் போட்டு வைத்தால் போதாதா என்று என் மகள் கேட்டாள். ஏப்ரல் மாதம் போன் கீழே விழுந்து உடைந்த அன்று அவளே நோட்டைத் தேடினாள்.

மருத்துவம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்பிபிஎஸ்ஸுக்கு நீட், 720 மார்க், அதில் பிளஸ் டூ மதிப்பெண் ரேங்குக்குச் சேராது. ஆனால் டாக்டர் சீட் போனால் பயாலஜி வீண் என்று நினைக்க வேண்டாம். நம் மாநிலத்தில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, பிஎஸ்சி நர்சிங், பாராமெடிக்கல் படிப்புகள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் நிரம்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கடைசி நாள். நீட் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்து இவற்றைத் தவறவிட்ட பிள்ளை எங்கள் பக்கத்து பிளாட்டிலேயே உண்டு.

2. சான்றிதழ்: ஏப்ரலிலேயே கையில் இருக்க வேண்டியவை

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், தேவைப்பட்டால் இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ். எல்லாமே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வந்த வாரத்தில் போனால் ஊரே அங்கே நிற்கும், விஏஓ ஆபீஸிலும் ஃபைல் குவிந்து கிடக்கும். பொதுத்தேர்வு முடிந்த மறுவாரமே போய்விடுங்கள்.

எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்த பிள்ளைக்கு இன்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் இருப்பிடச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். நடுவில் ஒரு வருடம் அப்பாவின் டிரான்ஸ்ஃபரால் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ படித்திருந்தால் கேட்பார்கள்.

இன்னொரு பொறி, பிசி அல்லது எம்பிசி சான்றிதழ் இருக்கிறதே, அதுவே ஐஐடி, என்ஐடிக்கும் போதும் என்று நினைப்பது. போதாது. மத்திய அரசு நிறுவனங்களுக்கு ஓபிசி கிரீமி லேயர் அல்லாதவர் (வசதி வரம்பைத் தாண்டாதவர்) என்ற தனிச் சான்றிதழ், மத்திய அரசு படிவத்தில் வேண்டும். அதுவும் அந்த வருடம் ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியதாக இருக்க வேண்டும். இந்த ஒரு காகிதம் இல்லாமல் பொதுப் பிரிவில் போய் நிற்கிற பிள்ளைகள் வருடாவருடம் இருக்கிறார்கள்.

அப்புறம் இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக. இது தமிழ்நாட்டு வீடுகளுக்கே உரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மற்ற எல்லாவற்றையும் திருத்துவது எளிது, அதைத் திருத்தப் போனால் படாதபாடு படவேண்டும்.

முதல் பட்டதாரி கட்டணச் சலுகை பற்றி ஒரு வார்த்தை. குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்காதிருக்க வேண்டும், ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் கிடைக்கும், அரசு கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் (கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் இடத்தில்) சேர்ந்துவிட்டு இதைக் கேட்டால் நடக்காது.

3. மார்க் வந்துவிட்டது. இப்போது கணக்கு

இன்ஜினீயரிங் கட் ஆஃப் 200க்கு. கணக்கு மார்க் அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. என் மகள் கணக்கில் 91, இயற்பியலில் 89, வேதியியலில் 92. அதாவது 91, 44.5, 46, கூட்டினால் 181.5. கணக்கில் ஒரு மார்க் குறைந்தால் கட் ஆஃபில் முழுதாக ஒன்று போகும், மற்ற இரண்டில் குறைந்தால் அரைதான் போகும். மறுமதிப்பீட்டுக்குப் போகலாமா என்று யோசிக்கும்போது இந்தக் கணக்கு உதவும். அதற்கு முதலில் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகல் வந்ததும் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, கூட்டல் பிழையா, திருத்தாமல் விட்ட விடையா என்று பார்த்துவிட்டு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யுங்கள். வேதியியலில் ஒரு மார்க்குக்காக அலைவதைவிட கணக்கில் இரண்டு மார்க்குக்கு அலைவது புத்திசாலித்தனம்.

பயாலஜி குரூப் பிள்ளைகளுக்குக் கால்நடை மருத்துவத்திலும் இதே 200தான், கணக்கு இருக்கும் இடத்தில் உயிரியல். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் கூட்டு, 400க்கு. பிஏ தமிழுக்குத் தமிழ் மார்க்கையும் பிஏ ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க்கையும் தனியாகப் பார்ப்பார்கள்.

4. பதிவு செய்வது

கவுன்சிலிங்கைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. முன்பு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது, 2019இல் கை மாறியது. 2018இலிருந்து எல்லாம் ஆன்லைன்தான். கிண்டியில் பெரிய திரைக்கு முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்து சீட் எண்ணிக்கை குறைவதைப் பார்த்த காலம் போய்விட்டது, ஆனால் இன்றும் பெரியவர்கள் அந்த நினைப்பில்தான் அறிவுரை சொல்வார்கள். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்சி, எஸ்சிஏ (எஸ்சி அருந்ததியர்), எஸ்டி பிரிவினருக்கு 250.

வீட்டில் இருந்தே செய்யலாம். பிரவுசிங் சென்டரில் செய்தாலும் பரவாயில்லை, ஆனால் செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் உங்களுடையதாக மட்டும் இருக்கட்டும். ஓடிபி வேறு யார் போனுக்காவது போனால் உங்கள் பிள்ளையின் சீட் அவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம். "சாய்ஸ் ஃபில்லிங் இலவசமாகச் செய்து தருகிறோம்" என்று மேஜை போட்டு உட்காருகிறவர்களிடம் பாஸ்வேர்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இலவசம் ஏன் என்று லிஸ்ட்டின் முதல் வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டுப் பெட்டியை மறக்காமல் டிக் செய்யுங்கள். மருத்துவத்துக்கு 2020இலும் இன்ஜினீயரிங் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021இலும் வந்தது. அவர்களுக்குத் தனி ரேங்க் உண்டு, கட்டணத்தை அரசே ஏற்கிறது. 165 கட் ஆஃபை வைத்துக்கொண்டு சோர்ந்து போயிருந்த எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மகன் இதில்தான் நல்ல கல்லூரிக்குப் போனான்.

5. ரேண்டம் நம்பர், ரேங்க்

பதிவு முடிந்ததும் கம்ப்யூட்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு ரேண்டம் எண் கொடுக்கும். அன்றைக்கு வாட்ஸ்அப்பில் எல்லோரும் தங்கள் எண்ணைப் போட்டு ஒப்பிட்டுக்கொள்வார்கள். ஒரே கட் ஆஃபில் பலர் இருந்தால் முதலில் கணக்கு மார்க், பிறகு இயற்பியல் என்று வரிசையாகப் பார்த்து, எதுவுமே பிரிக்காவிட்டால் கடைசியாகத்தான் இந்த எண்ணைத் தொடுவார்கள். அதைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ரேங்க் பட்டியல்தான் முக்கியம். அதில் பொது ரேங்க் ஒன்று, உங்கள் சமூகப் பிரிவுக்குள் ரேங்க் ஒன்று என இரண்டு இருக்கும். நம் மாநிலத்தில் 69 சதவீதம் இட ஒதுக்கீடு: பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி 20, எஸ்சி 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்டி 1. மீதி 31 சதவீதம் ஓசி, அதாவது எல்லோருக்கும் பொது. அதை முற்பட்ட வகுப்பினருக்கு மட்டும் என்று இன்னும் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மதிப்பெண் இருந்தால் யார் வேண்டுமானாலும் அதில் நுழையலாம்.

போன வருட கட் ஆஃபோடு இந்த வருட கட் ஆஃபை ஒப்பிடுவதுதான் பெரிய தவறு. ஒரு வருடம் கணக்குத் தாள் எளிது, நூறு வாங்கியவர்கள் கொட்டிக் கிடப்பார்கள், அடுத்த வருடம் தாள் கடினம். 185 இரண்டு வருடத்திலும் ஒரே 185 ஆகாது. போன வருடம் எந்த ரேங்க் வரைக்கும் அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவில் இடம் போனது என்று பாருங்கள். கவுன்சிலிங் இணையதளத்திலேயே கல்லூரி, பிரிவு, சமூகம் வாரியாகப் பழைய விவரங்கள் இருக்கின்றன. பட்டியலில் மார்க்கோ சமூகமோ தப்பாக இருந்தால் குறை சொல்லச் சில நாட்கள் தருவார்கள், அதற்குள் கவுன்சிலிங்குக்கென்று இருக்கும் சேவை மையத்துக்கு (இ-சேவை மையம் இல்லை) ஓடிவிடுங்கள்.

6. சாய்ஸ் லிஸ்ட்: நிஜப் பரீட்சை இதுதான்

ரேங்கைப் பொறுத்து நீங்கள் எந்தச் சுற்று என்று சொல்வார்கள். உங்கள் சுற்று வந்ததும் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்த மூன்று நாள் போலத் தருவார்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், உச்சவரம்பு கிடையாது.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவரையும் எடுக்கிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறது. இல்லாவிட்டால் இரண்டாவது, மூன்றாவது என்று கீழே இறங்குகிறது. அவ்வளவுதான் வித்தை. இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. எட்டாத கல்லூரியை மேலே போட்டால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. "மேலே பெரிய காலேஜைப் போட்டா கீழ இருக்கிறது போயிடும்" என்று சொல்கிற மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். இரண்டாவது, கிடைத்தாலும் போக மாட்டோம் என்கிற கல்லூரியைச் சும்மா எண்ணிக்கைக்காக நடுவில் போடக் கூடாது. கம்ப்யூட்டர் அதைச் சும்மா என்று எடுத்துக்கொள்ளாது, அங்கேயே நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. ஒரு நாற்பது பக்க நோட்டில் இடது பக்கம் கல்லூரியின் கோடு எண், வலது பக்கம் பிரிவு என்று 84 வரி எழுதினோம். முதல் வரி 1, சிஎஸ். ஒன்று என்றால் கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரி, 1794இல் தொடங்கியது. 2 என்றால் ஏசி டெக், 4 என்றால் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் எம்ஐடி. கிண்டி கிடைக்காது என்று எங்களுக்கும் தெரியும், இருந்தாலும் போட்டோம். இரண்டாம் நாள் இரவு எல்லாவற்றையும் ஏற்றியாயிற்று. மூன்றாம் நாள் காலையில் மகள் சும்மா ஒருமுறை சரிபார்த்தபோது 17ஆம் வரியில் இருந்த கோடு தப்பு. சென்னையைச் சுற்றி ஒரே சாமி பெயரில், ஒரே தலைவர் பெயரில் மூன்று நாலு கல்லூரிகள் இருக்கின்றன, நான் படப்பைப் பக்கம் இருக்கிற ஒன்றுக்குப் பதில் எங்கோ திருவள்ளூர் தாண்டி இருப்பதைப் போட்டிருந்தேன். வயிற்றில் புளியைக் கரைத்தது. எங்களுக்குக் கடைசியில் கிடைத்தது 22ஆம் வரி. அந்தத் தப்பு அப்படியே இருந்திருந்தால் 17லேயே நின்றிருக்கும் என்று பிறகு ஒதுக்கீட்டு விவரத்தைப் பார்த்தபோது தெரிந்தது. பெயரைப் பார்க்காதீர்கள், கோடு எண்ணைப் பாருங்கள், கூடவே மாவட்டத்தைப் பாருங்கள். ஒருவர் கோடு எண்ணை உரக்கப் படிக்க இன்னொருவர் திரையைப் பார்த்து டிக் செய்வது நல்ல முறை.

பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்எஸ் என்று இருந்தால் அது செல்ஃப் சப்போர்ட்டிங். அதே கல்லூரி, அதே வகுப்பு வாசல், ஆனால் கட்டணம் கூடுதல். தெரிந்து போட்டால் தப்பில்லை.

கல்லூரியா, பிரிவா? இதற்கு எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கும், என்னிடமும் இருக்கிறது. பெயர் தெரியாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட நல்ல கல்லூரியில் ட்ரிப்பிள் ஈயோ (எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ்) மெக்கானிக்கலோ மேல். நல்ல கல்லூரியில் லேப் இருக்கும், கூடப் படிக்கிற பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள், கம்பெனிகள் பெரும்பாலும் பிரிவு பார்க்காமல் வந்து எடுக்கும். ஏஐ, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று பலகை மட்டும் புதிதாக மாட்டியிருக்கும் இடங்களில் பாடம் எடுப்பவர் யார், அந்தத் துறையில் எத்தனை ஆசிரியர் என்று கேளுங்கள். சில இடங்களில் படிப்பின் பெயர்தான் புதிது. ஆனால் பிள்ளைக்குக் கோடிங்தான் உயிர், சர்க்யூட்டைக் கண்டாலே பிடிக்காது என்றால் என் கணக்கு செல்லாது, அவள் விருப்பப்படி போடுங்கள். நாலு வருடம் வகுப்பில் உட்காரப்போவது அவள்.

கல்லூரியை எடை போட இரண்டு வழி எனக்குக் கைகொடுத்தன. ஒன்று, இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர் வாரியாக வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் அவற்றை அந்தப் பட்டியலோடு ஒப்பிட முடியாது என்பதை நினைவில் வையுங்கள். இரண்டாவது, கல்லூரி வாசலில் இருக்கும் டீக்கடை. சாயங்காலம் நாலு மணிக்குப் போய் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால், வேலைவாய்ப்பு விளம்பரத்தில் இருக்கிற எண்ணுக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். "பிளேஸ்மெண்ட் எப்படி" என்று கேட்காதீர்கள், "உங்க சீனியர்ல உங்களுக்குத் தெரிஞ்ச எத்தனை பேர் வேலைக்குப் போயிருக்காங்க, என்ன சம்பளம்" என்று கேளுங்கள்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். பெரம்பூரில் வீடு, ஓஎம்ஆரில் கல்லூரி என்றால் பஸ் காலை ஆறுக்கு முன்னால் தெருமுனைக்கு வரும், பிள்ளை திரும்பி வர இருட்டிவிடும். கல்லூரி பஸ் கட்டணம் வேறு தனி. ரயில் பாதையை ஒட்டிய கல்லூரி என்றால் சீசன் டிக்கெட்டில் முடிந்துவிடும். லிஸ்ட்டில் ஒரே தரத்தில் இரண்டு கல்லூரி இருந்தால் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருப்பதை மேலே வைத்தோம். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

7. ஒதுக்கீடு வந்ததும்

முதலில் வருவது தற்காலிக ஒதுக்கீடு. அதைப் பார்த்துவிட்டு அக்கடா என்று படுத்துவிடக் கூடாது, இரண்டு நாளுக்குள் உள்ளே போய் உங்கள் முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் கையை விட்டுப் போய்விடும். இடத்தை ஏற்றுக்கொண்டு சேர்கிறேன் என்று சொல்லலாம், ஏற்றுக்கொள்கிறேன் ஆனால் மேலே உள்ளது கிடைத்தால் மாறிக்கொள்கிறேன் என்று சொல்லலாம், இது வேண்டாம் மேலே உள்ளது கிடைத்தால் மட்டும் கொடு என்று சொல்லலாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்றோ மொத்தமாக விலகுகிறேன் என்றோ சொல்லலாம்.

பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது வழிதான் சரி: கையில் ஒன்று இருக்கும், மேலேயும் கதவு திறந்திருக்கும். ஆனால் பணம் கட்டும் இடம் மாறும். நேரடியாகச் சேர்பவர்கள் கல்லூரியில் கட்ட வேண்டும், மேலே போகக் காத்திருப்பவர்கள் சேவை மையத்தில் கட்ட வேண்டும், இரண்டுக்கும் நாள் கெடு உண்டு. மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும், "இல்லை சார், பழையதே இருக்கட்டும்" என்றால் நடக்காது. அதனால்தான் லிஸ்ட்டில் வரிசை அவ்வளவு முக்கியம் என்று மேலே தொண்டை கிழியச் சொன்னேன். வேண்டாம், மேலே உள்ளது மட்டும் போதும் என்ற மூன்றாவது வழியைத் தைரியசாலிகளுக்கு விட்டுவிடுங்கள்.

8. முன்பணம் என்னும் வலை

விஐடி, எஸ்ஆர்எம் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அரசு கவுன்சிலிங்கில் வராது. அவர்களுக்குத் தனி நுழைவுத்தேர்வு, தனி சேர்க்கை, அதுவும் அரசு கவுன்சிலிங் தொடங்குவதற்கு முன்னாலேயே. இதுபோக சாதாரணக் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீடு. ஏப்ரல், மே மாதங்களில் "இன்னும் நாலு சீட்தான் சார், இன்னைக்கு அட்வான்ஸ் போட்டா பிளாக் பண்ணிடலாம்" என்று போன் வரும். எனக்கும் வந்தது. ரிசல்ட்டுக்கு முன்னாலேயே பயந்துபோய் ஒரு கல்லூரியில் 25,000 ரூபாய் கட்டினேன். கவுன்சிலிங்கில் இடம் கிடைத்த பிறகு திருப்பிக் கேட்கப் போனால் அக்கவுண்ட்ஸ் சார் லீவு, அப்புறம் பிரின்சிபால் மீட்டிங், அப்புறம் செக் தயாராகவில்லை. நாலு முறை ஜிஎஸ்டி ரோட்டில் வெயிலில் போய் வந்தேன். நானும் அக்கவுண்ட்ஸில் இருக்கிறவன், செக் போட எத்தனை நிமிடம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

ஐந்தாவது முறை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியை அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன், வேலை நடந்தது. 2018ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் சிறிய பிடித்தம் போக முழுப் பணமும் திரும்ப வர வேண்டும், தாமதிக்கத் தாமதிக்க அது 90, 80, 50 சதவீதம் என்று குறையும், கடைசி நாள் முடிந்து 30 நாள் ஆனால் ஒன்றும் இல்லை. அதன்பிறகு பெற்றோருக்கு இன்னும் சாதகமான சுற்றறிக்கைகளும் வந்தன, உதாரணமாக 2024-25க்கு செப்டம்பர் 30 வரை முழுப் பணம், அக்டோபர் 31 வரை அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்தம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். ரசீது இல்லாத பணத்துக்கு இதில் எதுவுமே உதவாது. நன்கொடை என்று ரசீதில்லாமல் வாங்குவதைத் தடுக்க தமிழ்நாட்டில் 1992இலேயே சட்டம் இருக்கிறது. ரசீது தர மாட்டேன் என்று சொல்கிற இடத்தில் ஒரு ரூபாயும் வைக்காதீர்கள்.

அவசரமாக முடிவெடுக்கச் சொல்கிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "விலகினால் எவ்வளவு திரும்ப வரும், இதை மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா?" பாதி போன் அங்கேயே கட் ஆகும்.

9. கலை, அறிவியல், வணிகவியல்

இன்ஜினீயரிங் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் சென்னையின் பழைய பெருமை இங்கேதான். மாநிலக் கல்லூரி 1840, பச்சையப்பன் 1842, எம்சிசி (சென்னை கிறித்தவக் கல்லூரி) 1837, ராணி மேரி 1914, லயோலா 1925. அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பம், பதிவுக் கட்டணம் ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக்கும் குறைவு, அதிலேயே பல கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம். லயோலா, எம்சிசி, ஸ்டெல்லா மாரிஸ், எத்திராஜ், டபிள்யூசிசி (மகளிர் கிறித்தவக் கல்லூரி) போன்றவற்றுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரே கல்லூரிக்குள் எய்டட், செல்ஃப் ஃபைனான்ஸ் என்று இரண்டு பிரிவு இருக்கும். எய்டட் என்றால் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, கட்டணம் மிகக் குறைவு. செல்ஃப் ஃபைனான்ஸ் பல இடங்களில் மதிய ஷிஃப்ட், கட்டணம் பல மடங்கு. பட்டம் ஒன்றுதான். விண்ணப்பத்தில் இரண்டும் தனி வரியாக இருக்கும், இரண்டையும் போடுங்கள். பட்டியலில் பெயர் வந்தால் பணம் கட்ட ஓரிரு நாள்தான் தருவார்கள், அதனால் தினமும் காலையும் மாலையும் இணையதளத்தைப் பாருங்கள். முதல் பட்டியலில் இல்லையே என்று அழ வேண்டாம். இன்ஜினீயரிங் கிடைத்தவர்கள் விலக விலக ஜூலை, ஆகஸ்ட் வரை இடங்கள் நகரும். பிகாம் மட்டும் கொஞ்சம் பிடிவாதம், நகரத்தின் நல்ல கல்லூரிகளில் அதற்கு அடிதடி.

சட்டம் படிக்க நினைப்பவர்கள் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்பைப் பாருங்கள், பிளஸ் டூ மார்க்தான் அளவுகோல்.

10. பணத்துக்கு வழி

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022இலிருந்து. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024இலிருந்து. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இதில் வருகிறார்கள். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம் போகும், பிள்ளை பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். தாத்தாவோடு சேர்ந்த ஜாயிண்ட் அக்கவுண்ட் எல்லாம் வேலைக்கு ஆகாது.

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில் மேனேஜரை நேரில் பார்த்துவிட்டு ஆன்லைனில் போடுவது நல்லது, இணையத்தில் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தால் அது அங்கேயே தூங்கும். ஒதுக்கீட்டு ஆணை, நாலு வருடத்துக்கும் கல்லூரி எழுதிக் கொடுக்கும் கட்டண விவரம், இரண்டும் கேட்பார்கள்.

11. எதுவும் சரியாக வரவில்லை என்றால்

ஒரு பாடம் போய்விட்டதா? துணைத்தேர்வு அதே கோடையில் நடக்கும், அதில் தேறியவர்களுக்குத் துணைக் கலந்தாய்வும் உண்டு. இன்ஜினீயரிங்தான் வேண்டும் ஆனால் கட் ஆஃப் இல்லை என்றால், பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், அங்கே நன்றாகப் படித்தால் பிறகு பிஇ இரண்டாம் ஆண்டில் லேட்டரல் என்ட்ரி. வழி சுற்றுதான், ஆனால் கையில் வேலை தெரிந்தவனாக வருவான். ஐஐடி மெட்ராஸின் பிஎஸ் டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டத்துக்கு ஜேஇஇ தேவையில்லை, அவர்களே நாலு வாரப் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைக்கிறார்கள். சிலர் நகரத்துக் கல்லூரியில் பிகாமோ பிஎஸ்சியோ படித்துக்கொண்டே இதையும் படிக்கிறார்கள். ஒரு வருடம் காத்திருந்து மறுபடி நீட் எழுதுவது தப்பில்லை, ஆனால் அந்த முடிவைப் பிள்ளை எடுக்க வேண்டும். அப்பா எடுத்த முடிவில் மறுபடி கோச்சிங் போன ஒரு பையன் நவம்பரில் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சேரப் போகும் நாள்

அசல்கள் ஒரு ஃபைலில்: பத்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், ஒதுக்கீட்டு ஆணை, பணம் கட்டிய ரசீது. எல்லாவற்றிலும் ஐந்து ஜெராக்ஸ், பத்துப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஒரு ஸ்டேப்ளர், ஒரு பசை. கிளம்புவதற்கு முன்னால் அசல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பிள்ளையின் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். மாற்றுச் சான்றிதழை ஒப்படைக்கும்போது பெற்றுக்கொண்டதாக ஒரு சீல் வாங்குங்கள், கேட்டால் போடுவார்கள். எங்களுக்கு வரிசையில் மூன்று மணி நேரம் ஆனது. கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் ஒரு பக்கம் ஐந்து ரூபாய் வாங்கினார்கள், அதனால் குரோம்பேட்டையிலேயே எடுத்துக்கொண்டு போங்கள்.